தலைவி டைப் செய்கிறார்

அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் சட்டையின் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டான். முதுகை யாரும் பார்ப்பதில்லை. தேநீர் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு மனைவியின் போனை எடுத்து, மனைவியின் பெயரில், "குட் மார்னிங்" என்று அனுப்பினான்.

மனைவி இறந்து அரை வருடம் ஆகியிருந்தது. குட் மார்னிங் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

அது 'சிட்டு ரசிகர் குழு'. சிட்டு என்பது ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர். கார்ப் பந்தயத்தில் சிட்டாய்ப் பறக்கிறவள். குரூப்பை ஆரம்பித்தது அவன் மனைவி. அதனால் அங்கே அவளுக்குப் பெயர் தலைவி. பெரிய கூட்டமெல்லாம் இல்லை. வாய் ஓயாத பேக்கரிக்காரர், எதற்கும் இரண்டு பக்கத்தையும் பார்க்கும் பல் டாக்டர், எப்போதாவது ஒரு வரி எழுதும் டிரைவிங் ஸ்கூல் அக்கா. ஒரே ஊர்தான். ஆனால் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. சிட்டுவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதைப் படித்துவிட்டுக் கூட்டாகக் கொதிப்பதுதான் குரூப்பின் வேலை.

மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கொதித்தாள். "ஜெயிச்சா காரு ஜெயிச்சுதாம், தோத்தா இவ தோத்தாளாம். என்னங்க நியாயம் இது?" என்பாள். "அநியாயம்தான்" என்பான் அவன். பந்தயம் தொடங்கியதும் அவளுக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு, பிடித்த கை இறங்காமலேயே தூங்கிப்போவான்.

எல்லாம் முடிந்த பிறகு தகவல் சொல்லத்தான் அந்தப் போனை எடுத்தான். அதற்கு முன்பே வங்கிக்குச் சொல்லியிருந்தான். காஸ் ஏஜென்சிக்கு, வீட்டுச் சொந்தக்காரருக்கு, தூரத்து அத்தைகளுக்குச் சொல்லியிருந்தான். சிரமமாக இருக்கவில்லை. ஒரே வாக்கியம். குரூப்பைத் திறந்தான். பேக்கரிக்காரர் கேட்டிருந்தார்: "தலைவி, ஆளையே காணோமே! சாப்டாச்சா?"

அந்த ஒரே வாக்கியம் வரவில்லை. "சாப்டாச்சு" என்று அடித்தான்.

அடித்த பிறகு பொய்யாகிவிட்டதே என்று உறுத்தியது. எழுந்து போய் நாலு பிஸ்கட் தின்றான். மறுநாளும் கேட்டார்கள். மறுநாளும் எழுந்து போய்த் தின்றான். அன்றிலிருந்து, யாரோ கேட்கிறார்கள் என்பதற்காக அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மற்ற இடங்களிலெல்லாம் அவள் பெயரை நீக்கியாகிவிட்டது. இங்கே மட்டும்தான் இன்னும் அவளிடம் பேசுகிறார்கள். தெரிந்துவிட்டால் ஆளுக்கொரு அனுதாபம் சொல்லிவிட்டுக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். அது நடக்கக் கூடாது. அவனுக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். வேறு கவலைகள் படுவதற்கு உடம்பில் தெம்பில்லை.

சிக்கல் என்னவென்றால், அவனுக்குக் கார்ப் பந்தயம் தெரியாது.

வீட்டு உபயோகப் பொருட்களுக்குக் கையேடு எழுதுவது அவன் வேலை. மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி. பெட்டியைத் திறந்ததும் முதலில் தூக்கிப் போடுவார்களே, அந்தக் காகிதம். கல்லூரியில் படித்ததெல்லாம் அதில்தான் செலவாகிக்கொண்டிருந்தது. பந்தய நாட்களில் குரூப்பில் தலைவியின் கருத்தைக் கேட்பார்கள். அவன் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சமாளித்தான்.

"தலைவி, இஞ்சின் சூடாகுதுன்னு சொல்றாங்களே. இப்ப சிட்டு என்ன பண்ணணும்?" என்று பல் டாக்டர் ஒருமுறை கேட்டார்.

"அரை மணி நேரம் நிறுத்தி, ஆற வைத்து, பிறகு இயக்கவும்" என்று எழுதினான். மிக்ஸிக் கையேடு, இரண்டாம் பக்கம்.

வேறு குரூப்பாக இருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பார்கள். பல் டாக்டர், "எனக்கு இது தோணவே இல்ல பாருங்க" என்றார். பேக்கரிக்காரர் கை தட்டும் படம் அனுப்பினார்.

இன்னொரு நாள் ஒரே நிறத்தில் இரண்டு கார்கள் ஓடின. முதலில் வந்தது யாரோ ஒருவனுடையது. இவனுக்குத் தெரியவில்லை. "சிட்டு ஜெயித்துவிட்டாள், வாழ்க!" என்று போட்டுவிட்டான். குரூப் திகைத்தது போல ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு ஒரே கொண்டாட்டம். பேக்கரிக்காரர் கேக் வெட்டிப் படம் அனுப்பினார். மறுநாள் பத்திரிகையைப் பார்த்தால் சிட்டு ஆறாவதாக வந்திருந்தாள்.

இந்தக் குரூப்பில் ஒருவருக்கும் பந்தயம் தெரியாது என்று அவன் முடிவு கட்டினான். நிம்மதியாக இருந்தது.

இன்றைக்குக் குட் மார்னிங்குக்குப் பதில் குட் மார்னிங் வரவில்லை. குரூப் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

சிட்டு முந்தின நாள் சாதனை படைத்திருந்தாள். பந்தய வரலாற்றிலேயே அதிக வெற்றிகள். பத்திரிகையில் அவள் படம் தபால்தலை அளவுக்கும், காரின் படம் ஜன்னல் அளவுக்கும் இருந்தது. தலைப்பு: 'இதெல்லாம் எனக்குப் பெரிசில்லை! பந்தயப் பெண்ணின் திமிர்.'

"முழுப் பேட்டியும் நான் டிவியில பார்த்தேன்" என்று பேக்கரிக்காரர் பொரிந்தார். "'இது எனக்குப் பெரிசில்ல, ஷெட்டுல எனக்காக ராப்பகலா நிக்கிறாங்களே அவங்களுக்குத்தான் பெரிசு, ஒவ்வொருத்தருக்கும் நன்றி'ன்னு சொன்னா. நன்றியை வெட்டிட்டு மிச்சத்தைப் போட்டிருக்கான் பாவி! கேக்கைத் தூக்கிப் போட்டுட்டு அடியில கருகின காகிதத்தை விக்கிற மாதிரி!"

"அவசரப்படக் கூடாது" என்றார் பல் டாக்டர். "இடம் பத்தாம வெட்டியிருக்கலாம்."

"இடம் பத்தலையா? காரு படம் அரைப் பக்கத்துக்கு இருக்கே டாக்டர்! உங்ககிட்ட சொத்தைப் பல்லோட வந்தா, இடம் பத்தலைன்னு நல்ல பல்லைப் பிடுங்குவீங்களா?"

"இதையே ஒரு ஆம்பளை சொல்லியிருந்தா 'அடக்கம்'னு தலைப்பு வச்சிருப்பான்" என்று டிரைவிங் ஸ்கூல் அக்காவின் ஒற்றை வரி வந்து விழுந்தது.

"தலைவி, நீங்க சொல்லுங்க. என்ன பண்ணலாம்?"

மனைவியாக இருந்தால் ஒரு பக்கத்துக்குக் கொட்டியிருப்பாள். அவனுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம்" என்று போட்டான். யாராவது எழுதிவிடுவார்கள், பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தான்.

"ஆகா! எழுதுங்க தலைவி!" மூன்று பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

அலுவலகத்தில் ஒரு பக்கம் இஸ்திரிப்பெட்டிக் கையேடு, மறுபக்கம் கடிதம் என்று மாற்றி மாற்றி எழுதினான். மதியம் மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? இஸ்திரிப்பெட்டிக் கையேட்டுல 'வளைவில் முந்த முயல வேண்டாம்'னு இருக்கு?"

"காலர் வளைவு சார்."

மேனேஜர் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் நன்றாக வந்திருந்தது. 'சிட்டு சொன்ன நன்றியை வெட்டியது தவறு, முழுவதும் வெளியிடவும்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ரசிகர் எழுதியது போல இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு பத்தி சேர்த்தான். 'சாதனைப் பந்தயத்தின்போது சிட்டு தன் காரைத் தொடர்ந்து இயக்காமல், அவ்வப்போது அரை மணி நேரம் ஆற வைத்ததே வெற்றிக்குக் காரணம் என்பதைத் துறை அறிந்தோர் ஒப்புக்கொள்வர்.' குரூப்பில் போட்டு, "திருத்தம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று எழுதினான்.

'பேக்கரிக்காரர் டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. மறுபடியும் நின்றது. 'பல் டாக்டர் டைப் செய்கிறார்' என்று வந்தது. அதுவும் நின்றது. நெடுநேரம் கழித்துப் பேக்கரிக்காரர் எழுதினார்: "கமாவைக்கூடத் தொடாதீங்க தலைவி. அப்படியே அனுப்புங்க."

பத்திரிகை கடிதத்தை வெளியிட்டது. நன்றியைப் பற்றிய பத்தியை வெட்டிவிட்டு, ஆற வைக்கும் பத்தியை மட்டும் வெளியிட்டது. கீழே, 'தலைவி, சிட்டு ரசிகர் குழு'. அதற்கும் கீழே விளையாட்டுப் பக்க ஆசிரியரின் பதில்:

'பந்தயமே ஒன்றரை மணி நேரம்தான் நடக்கிறது. அதில் அரை மணி அரை மணியாக ஆற வைத்தால் அது காரா, மிக்ஸியா? இந்த மிக்ஸி ரசிகர் மன்றத்தின் தலைவி சமையலறையை விட்டு வெளியே வந்து ஒரு பந்தயமாவது பார்த்துவிட்டு எழுதட்டும்.'

அதைப் பேருந்தில் நின்றுகொண்டு படித்தான். திரும்பப் படித்தான். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதுகூட ஒரு பந்தயத்தையும் விடாதவள் அவள். யார் எந்த வளைவில் எப்போது முந்தினார்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டருக்கே வகுப்பெடுத்தவள். அவளைப் போய் ஒரு பந்தயமாவது பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறான். எழுத வைத்தது யார்? பத்திரிகை சிட்டுவுக்குச் செய்ததை இவன் சொந்த மனைவிக்குச் செய்துவைத்திருக்கிறான். அவள் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கிவிட்டான்.

அரை வருடமாக எதுவும் உறைக்காதவனுக்குச் சுரீரென்றது. நிறுத்தத்தில் இறங்க மறந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினான். நடந்துகொண்டே அடித்தான்: "இதை விடக் கூடாது. மறுப்பு வெளியிட வேண்டும்."

"அப்படிப் போடுங்க! நேர்லயே போய்க் கேட்டுடுவோம்" என்றார் பேக்கரிக்காரர். கொஞ்ச நேரத்தில், "போன் பண்ணிட்டேன். சனிக்கிழமை காலையில வரச் சொல்லிட்டான். தலைவி கண்டிப்பா வரணுமாம். 'அந்த மிக்ஸி அம்மாவை நான் பார்க்கணும்'னான்."

அவன் நடைபாதையிலேயே நின்றுவிட்டான்.

"தொண்டை கட்டியிருக்கிறது. பேச முடியாது" என்று அனுப்பினான்.

"வாயை நல்லாத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பார்த்துடறேன்" என்றார் பல் டாக்டர்.

வீட்டுக்குப் போனான். கண்ணாடி முன் நின்று, தன் வாயைத் திறந்து, அவள் போனில் படம் பிடித்து அனுப்பினான். அனுப்பிய பிறகுதான் படத்தின் மேல் விளிம்பில் மீசை தெரிவதைப் பார்த்தான். அழிப்பதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

பல் டாக்டரின் பதில் வந்தது: "தொண்டை சுத்தமா இருக்கு. கடைவாய்ல ரெண்டு சொத்தை, அதைக் கவனிக்கணும். மேல ஏதோ நிழல் விழுது. வெளிச்சம் பத்தலைன்னு நினைக்கிறேன்."

"ஆமா, நிழல்தான்" என்றார் பேக்கரிக்காரர்.

அவனுக்கு மூச்சு வந்தது. பல் மட்டுமே பார்த்துப் பழகிய ஆள், உதட்டுக்கு மேல் கண் போகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை ஊரில் இருக்க மாட்டேன். அத்தை வீட்டுக்குப் போகிறேன்" என்று அடுத்ததை எடுத்துவிட்டான்.

"அத்தை வீடு எந்தப் பக்கம் தலைவி? நம்ம ரொட்டி வண்டி ஊரைச் சுத்தி எல்லாப் பக்கமும் போகுது. ஏறி வந்துடுங்க. வழியெல்லாம் பன் தின்னுக்கிட்டே வரலாம்."

எந்தக் கதவைச் சாத்தினாலும் பேக்கரிக்காரர் ஜன்னல் வழியாக வந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல், "எனக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் வருவார்" என்று எழுதினான்.

முதலில் எழுதியது டிரைவிங் ஸ்கூல் அக்கா.

"அவர் வந்தா ரொம்ப சந்தோஷம்."

"அவருக்கு ரேஸ் தெரியுமா தலைவி?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"தெரியாது" என்று எழுதினான். அரை வருடத்தில் அந்தக் குரூப்பில் அவன் எழுதிய முதல் உண்மை.

"பரவாயில்ல. நீங்க போன்ல இருங்க. சந்தேகம் வந்தா அங்கேர்ந்தே உங்களைக் கேட்டுக்கறோம்."

ஆக, சனிக்கிழமை அவன் அவனாகவும் அவளாகவும் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டும்.

அன்று சட்டையின் முதுகுக்கும் இஸ்திரி போட்டான்.

பத்திரிகை அலுவலகத்தின் வரவேற்பறையில் மூவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் பருத்த ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தான். ஒல்லியாக, கழுத்து எலும்பு தெரிய இருந்தார். மடியில் ஒரு அட்டைப் பெட்டி. பல் டாக்டர் முதலில் அவன் வாயைப் பார்த்தார், பிறகு முகத்தை. டிரைவிங் ஸ்கூல் அக்காவுக்கு நரை ஓடியிருந்தது. எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. சாப்டீங்களா?"

"சாப்டாச்சு" என்று விரல்தான் அசைந்தது. வாய்க்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. தலையை ஆட்டினான்.

"பார்த்தாத் தெரியலையே" என்று பேக்கரிக்காரர் பெட்டியைத் திறந்து ஒரு பன்னை அவன் கையில் வைத்தார். "இதைத் தின்னுங்க முதல்ல. சண்டை போடணும்ல, தெம்பு வேணும்."

சூடாக இருந்தது. தின்றான். மூவரும் அவன் தின்று முடிக்கும்வரை வேலை மெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பன் தின்பதை இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பார்களா என்று கூச்சமாக இருந்தது. கூடவே, காரணம் புரியாமல், நன்றாகவும் இருந்தது.

விளையாட்டுப் பக்க ஆசிரியரின் அறை நாலாவது மாடியில். மேசையின் இரு ஓரங்களிலும் பழைய பத்திரிகைகள் தூண் மாதிரி நின்றன. நடுவில் அவர். சுவரில் சத்தம் அடக்கிய டிவி.

"எங்கே அந்த அம்மா?"

"வரலை சார். அவங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்றார் டாக்டர்.

"ஓ, மிக்ஸி வீட்டுக்காரரா? உக்காருங்க, உக்காருங்க. நின்னா சூடாகிடப் போகுது."

அவன் உட்கார்ந்தான். பேக்கரிக்காரர் உட்காரவில்லை.

"சார், நேரா விஷயத்துக்கு வரேன். அந்தப் பொண்ணு உலகத்துலயே யாரும் செய்யாததைச் செஞ்சுட்டு, முதல் வேலையா நன்றி சொல்லுது. அதை எதுக்கு வெட்டினீங்க?"

"நன்றியை யார் சார் படிக்கிறாங்க?" ஆசிரியர் சலித்துக்கொண்டார். "திமிர்னு போட்டா கடை திறக்கறதுக்குள்ள பேப்பர் காலி. நன்றின்னு போட்டா பழைய பேப்பர்காரன்கூட ரெண்டு தரம் யோசிப்பான்."

"ஒரு பக்கம் பார்த்தா அவர் சொல்றதும்..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"டாக்டர், இன்னிக்கு ஒரு நாள் ஒரே பக்கமாப் பாருங்க" என்றார் அக்கா.

"சரி, அதை விடுங்க" என்று ஆசிரியர் முன்னால் சாய்ந்தார். "இந்த அரை மணி நேரம் ஆற வைக்கிற விவகாரத்துக்கு ஒரு பதில் சொல்லுங்க. அப்புறம் மறுப்பைப் பத்திப் பேசலாம்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மேசையைப் பார்த்தான்.

"இவருக்குத் தெரியாது சார். தலைவியையே கேட்டுடுவோம்" என்று டாக்டர் தன் போனில் எழுதி அனுப்பினார். அவன் கால்சட்டைப் பையில் மனைவியின் போன் அதிர்ந்தது.

மேசைக்கடியில் போனை எடுத்தான். குனியாமல், விரல் போன போக்கில் அடித்தான். மேலே மூன்று பேருடைய போன்களிலும் ஒரே நேரத்தில் 'தலைவி டைப் செய்கிறார்' என்று வந்தது. பேக்கரிக்காரர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். டாக்டர் சுவர் நாள்காட்டியைப் படித்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வந்துடுச்சு சார்" என்று பேக்கரிக்காரர் போனை எடுத்து உரக்கப் படித்தார். "'ஆற வைப்பது தவறான தகவல். நீக்கவும். நன்றி சரியான தகவல். சேர்க்கவும்.' அவ்வளவுதான் சார். எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க!"

ஆசிரியர் கண்ணைச் சுருக்கினார். "இது பேசற மனுஷி மாதிரி இல்லையே. மிக்ஸி கையேடு மாதிரியில்ல இருக்கு? எனக்கென்னவோ அப்படி ஒரு அம்மாவே கிடையாதுன்னு தோணுது. நீங்களா ஒரு பேரை வச்சுக்கிட்டு விளையாடறீங்க. கொடுங்க, நானே பேசறேன்."

பேக்கரிக்காரர் சுதாரிப்பதற்குள் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, தலைவியின் பெயரை அழுத்திவிட்டார்.

அரை வருடமாக அந்தப் போனுக்கு யாரும் அழைப்பு விட்டதில்லை. மெசேஜ்தான். அழைத்தால் என்ன சத்தம் வரும் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். மேசைக்கடியிலிருந்து ஒரு பந்தயக் கார் கிளம்பியது. உறுமி, கியர் மாற்றி, வளைவில் டயர் கிறீச்சிட்டு, அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"என் போன்தான் சார்!" என்றார் பேக்கரிக்காரர்.

"உங்க போன் என் கையில இருக்கு."

"என்னுதா இருக்கும்" என்றார் டாக்டர்.

"உங்களுது மேசை மேல இருக்கு."

"வெளியில ஏதோ கார் போகுது" என்றார் அக்கா.

"இது நாலாவது மாடிம்மா!"

கார் இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பியது. அவன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான். அது உறுமிக்கொண்டே, அதிர்ந்து அதிர்ந்து ஆசிரியரை நோக்கி நகர்ந்தது. அவன் அதை நிறுத்தினான்.

"இது அவ போன்தான் சார். அவ இல்லை. செத்துப்போய் அரை வருஷமாச்சு."

அந்த ஒரே வாக்கியம் வந்துவிட்டது. வந்ததும் மற்றவையும் பின்னாலேயே வந்தன.

"லெட்டர் எழுதினது நான். மிக்ஸி கையேடு எழுதறவன். ரேஸ் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு ரேஸ் விட்டதில்லை, ஒரு தப்பு சொன்னதில்லை. அவ பேர்ல தப்பா வந்திருக்கு. என்னைப் பத்தி என்ன வேணா போட்டுக்குங்க. அவ பேர்ல இருக்கிறதை மட்டும் எடுத்துடுங்க சார்."

ஆசிரியர் பேக்கரிக்காரரின் போனை ஓசைப்படாமல் மேசைமேல் வைத்தார். டிவியில் யாரோ சத்தமில்லாமல் கோப்பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"நாளைக்கு ரெண்டும் வரும்" என்றார் கடைசியில். "மறுப்பும் வரும். அந்தப் பொண்ணு சொன்ன நன்றியும் வரும். வெட்டாம."

வெளியே வந்து நால்வரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியது. அவன் மனைவியின் போனை அக்காவிடம் நீட்டினான்.

"குரூப்லேர்ந்து எடுத்துடுங்க. இத்தனை நாள் உங்களை எல்லாம் ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்க கேட்டதாலதான் சாப்டேன். தினமும். அதுக்கு ரொம்ப நன்றி."

போனை யாரும் வாங்கவில்லை. பேக்கரிக்காரர் லிஃப்டின் மூலைப் பக்கம் திரும்பி, காலிப் பெட்டியை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரே பக்கமாகத் தரையைப் பார்த்தார். யார் முகத்திலும் அதிர்ச்சி இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"யாருமே ஒண்ணும் கேக்க மாட்டேங்கறீங்களே?"

லிஃப்ட் கீழே வந்து நின்றது. கதவு திறந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் அக்கா அவன் கையிலிருந்த போனை எடுத்து, அவன் சட்டைப் பையில் போட்டார்.

"தலைவி கடைசியாப் பேசினது என்கிட்டதான் தம்பி, நர்ஸ் போன்லேர்ந்து. நீங்க அவங்க போனையும் எடுத்துக்கிட்டு மருந்து வாங்கக் கீழ போயிருந்தீங்களாம். 'அவரு என் போனை அணைக்க மாட்டாரு அக்கா, என் பேர்ல ரேஸைப் பத்தித் தப்புத் தப்பா எழுதுவாரு, யாரும் திருத்திடாதீங்க, திருத்தினா பேசறதையே நிறுத்திடுவாரு.'"